இருபது பேர் அலுவலகத்தின் மெயிலை எக்ஸ்சேஞ்சிலிருந்து மெயில்கவ்வுக்கு மாற்றுவது

தன் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்குமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. திருப்பூரில் நான் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் பனியன் கம்பெனிகள் சிலவற்றில் அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச், மாடிப்படிக்குக் கீழே ஒரு டவர் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி கிடையாது, யுபிஎஸ் மட்டும் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத மெயில் சர்வரை இணையத்தில் திறந்து வைக்கக் கூடாது என்று சொன்னதும் முதலாளிகள் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "மறுபடி லைசென்ஸ் வாங்கணுமாங்க?"

வாங்க வேண்டியதில்லை. மெயில்கவ் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்தே இருபது, முப்பது பேர் உள்ள அலுவலகத்தின் மெயிலை நன்றாக நடத்தலாம். ஆனால் ஒரு முதலாளி சொன்ன இன்னொரு வாக்கியத்தைத்தான் நான் ஒவ்வொரு மாற்றத்திலும் விதியாக வைத்துக்கொள்கிறேன். "மெயில் ஒரு மணி நேரம் நின்னாக்கூடப் பரவாயில்லைங்க. பையர் மெயில் ஒண்ணு காணாமப் போகக் கூடாதுங்க." நல்ல வேளையாக, மெயிலின் இயல்பும் அப்படித்தான். போய்ச் சேர வேண்டிய சர்வர் எடுக்கவில்லை என்றால், அனுப்பும் சர்வர் மெயிலைத் தூக்கி எறியாது. வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாள் வரை முயல வேண்டும் என்பதே நெறிமுறை. ஆகவே சற்று நேரம் நின்று போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். தவறான இடத்துக்குப் போய்ச் சேர்வதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

மெயில் சர்வர் மாற்றம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: பழைய மெயிலைக் கொண்டுவருவது, வெளியே போகும் மெயிலை ஒழுங்காகச் சேர வைப்பது, உள்ளே வரும் மெயிலைத் திருப்பிவிடுவது. இந்த மூன்றையும் ஒரே சனிக்கிழமை இரவில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் திங்கட்கிழமை காலையில் மாட்டிக்கொள்கிறார்கள். நான் செய்வது மேலே சொன்ன அதே வரிசையில். உள்வரும் மெயிலைத் திருப்புவது கடைசி வேலை.

எதை நிறுவுவது?

மெயில்கவ் என்பது ஒரு தொகுப்பு. மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கிறது. ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனெமா எழுதி 1998 இறுதியில் வெளியானது, இன்றும் அசையாமல் ஓடுகிறது. பெட்டிகளில் சேமித்து அவுட்லுக்குக்கும் போனுக்கும் காட்ட டவ்காட், குப்பை மெயிலைப் பிரிக்க ஆர்ஸ்பாம்டி, வைரஸ் பார்க்க கிளாம்ஏவி, உலாவியில் மெயிலும் நாட்காட்டியும் பார்க்க சோகோ (நம்ம சென்னை ஜோஹோ இல்லை, இது வேறு). எல்லாம் டாக்கர் பெட்டிகளாக, அதாவது ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதோடு அடைத்த பொதிகளாக வரும். மேலே ஒரு நிர்வாகப் பக்கம். புது ஆள் சேர்ந்தால் அங்கேயே அஞ்சல் பெட்டி திறந்துவிடலாம்.

இவற்றைத் தனித்தனியாக நிறுவிக் கையால் கோத்துக்கொள்ளவும் முடியும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அடுத்தவர் அலுவலகத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் டவ்காட் 2.4 வந்தது, அதன் அமைப்புக் கோப்பின் எழுத்துமுறையே மாறிவிட்டதால் 2.3-க்கு எழுதியதை அப்படியே தூக்கி வைத்தால் ஓடாது. இப்படிப்பட்ட மாற்றங்களைத் தொகுப்பைப் பராமரிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதுபோன்ற இன்னொரு மெயில் தொகுப்பான ஜிம்ப்ராவை நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் கட்டற்ற பதிப்புக்கு நிறுவல் கோப்புகளை அந்த நிறுவனம் தயாரித்துக் கொடுப்பது 8.8.15-ஓடு நின்றுபோனது, இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் உள்ள அலுவலகம், மாதம் ஒருமுறையாவது சர்வரைத் திறந்து பார்க்க ஆள் இல்லை என்றால், மாதக் கட்டணத்துக்கு யாரிடமாவது மெயில் வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குக் காசு இல்லை, பராமரிப்புக்கு உண்டு.

முதலில் கணக்கெடுப்பு

யார் யாருக்கு முகவரி இருக்கிறது என்று கேட்டால் எச்.ஆர். ஒரு பட்டியல் தருவார். அது பாதிதான். மீதி பாதி சர்வரின் பதிவேட்டில் இருக்கும். கடந்த இரண்டு மாத மெயில் பதிவுகளை எடுத்து, எந்தெந்த முகவரிக்கு மெயில் வந்திருக்கிறது, எந்தெந்தக் கருவியிலிருந்து போயிருக்கிறது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போன மெர்ச்சண்டைசரின் முகவரிக்கு ஜெர்மனி பையர் இன்னமும் ஆர்டர் அனுப்பிக்கொண்டிருப்பார். அது யாரோ ஒருவருக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஷிப்பிங் டாக்குமென்ட் அனுப்பும் பொது முகவரியை நான்கு பேர் பார்ப்பார்கள். ஜிஎஸ்டி தளத்திலும் சுங்கத்துறையின் ஐஸ்கேட்டிலும் வங்கியிலும் பதிவு செய்திருக்கும் முகவரி எது என்று கணக்குப் பிரிவில் கேட்டு எழுதி வையுங்கள். ஓடிபி வருவது அங்கேதான். மாற்றும் நாளில் முதலில் சோதிக்க வேண்டியதும் அதுதான்.

அப்புறம் கருவிகள். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், பில் அனுப்பும் டேலி, கைரேகை வருகைப் பதிவு, சிசிடிவி, யுபிஎஸ், வெப்சைட்டில் உள்ள தொடர்புப் படிவம். மனிதர்கள் புகார் சொல்வார்கள். கருவிகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். பழைய ஜெராக்ஸ் மெஷின்கள் டிஎல்எஸ் என்ற மறையாக்க முறையின் பழைய 1.0 பதிப்பை மட்டுமே பேசும். மெயில்கவ் அதை ஏற்காது, ஏற்க வைக்கவும் கூடாது. அலுவலகத்துக்குள் ஒரு பழைய கணினியில் சின்னதாக ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவி, உள் நெட்வொர்க்கிலிருந்து மட்டும் வாங்கி, 587-ஆம் போர்ட் (பயனர்கள் மெயில் அனுப்பும் வாசல்) வழியாகக் கடவுச்சொல்லோடு புது சர்வருக்கு அனுப்பச் சொல்லலாம். அல்லது மெயிலை விட்டுவிட்டு, பொதுக் கோப்புறையில் ஸ்கேனைப் போடச் சொல்லிவிடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. பராமரிக்க ஒரு கணினி குறைகிறது.

பிஓபி3-இல் (மெயிலைக் கணினிக்கு இறக்கிவிட்டு சர்வரிலிருந்து வழக்கமாக எடுத்துவிடும் முறை) மெயில் எடுப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு கணினியாகப் போய்ப் பாருங்கள். அவர்களுடைய மெயில் சர்வரில் இருக்காது. அந்தக் கணினியில் பிஎஸ்டி என்ற அவுட்லுக் சேமிப்புக் கோப்பில்தான் இருக்கும். அவுட்லுக் 2002-க்கும் அதற்கு முந்தைய காலத்துக்கும் உரிய பிஎஸ்டி என்றால் 2 ஜிபி-தான் அதன் எல்லை. அதை ஒட்டி நிற்கும் கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வரை எங்கே வைப்பது

அலுவலகத்திலேயே வைக்கலாமே என்று ஆசை வரும். வரும் மெயிலுக்கு அது சரி. போகும் மெயிலுக்கு நடக்காது. பிராட்பேண்ட் இணைப்புகளின் ஐபி முகவரிகள் பெரும்பாலும் குப்பை மெயிலைத் தடுக்க ஐபிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் கொள்கைப் பட்டியலில் இருக்கும். அங்கிருந்து நேரடியாக மெயில் வந்தாலே பல சர்வர்கள் கதவைச் சாத்திவிடும். கரண்ட் போகும் ஊரில் இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு பெட்டியைக் காப்பதும் தனி வேலை. இந்தியத் தரவு மையத்தில் ஒரு மெய்நிகர் சர்வரை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மெயில்கவ் ஆவணம் கேட்பது குறைந்தது 6 ஜிபி நினைவகம், கூட 1 ஜிபி ஸ்வாப். கிளாம்ஏவி மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் சாப்பிடும்; நினைவகம் பற்றாவிட்டால் அதை அணைத்து வைக்க வசதி இருக்கிறது. வட்டு இடத்துக்கு, இப்போதுள்ள மெயில்களின் மொத்த அளவைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் வாடகைக்கு விடுபவரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சர்வர்கள் தங்களுக்குள் மெயிலைக் கொடுத்து வாங்கும் 25-ஆம் போர்ட் வெளியே போகத் திறந்திருக்கிறதா? பெரிய நிறுவனங்கள் பலவும் இதை அடைத்தே தருகின்றன. சிலர் கேட்டால் திறப்பார்கள், சிலர் திறக்க மாட்டார்கள். ஐபி முகவரியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பின்னோக்கிய டிஎன்எஸ் (இணையத்தின் பெயர்ப் பதிவேடு) பதிவை நீங்கள் சொல்லும் பெயருக்கு வைத்துத் தருவார்களா? அந்த ஐபி இப்போது ஏதாவது தடைப் பட்டியலில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் அவர் சொல்வதை நம்பாமல் நீங்களே பார்த்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் அந்த ஐபியில் குடியிருந்தவர் என்ன செய்தார் என்று யாருக்குத் தெரியும்.

டெபியன் நிலையான பதிப்பைப் போட்டு, சர்வருக்கு 'மெயில்' என்று தொடங்கும் துணைப்பெயர் ஒன்றை வையுங்கள். கம்பெனியின் வெறும் டொமைன் பெயரையே சர்வருக்கு வைக்கக் கூடாது. அந்தப் பெயரைக் கேட்டால் ஐபி வர வேண்டும், ஐபியைக் கேட்டால் அந்தப் பெயர் வர வேண்டும், மெயில் அனுப்பும்போது சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள். ஐபி ஆறாம் பதிப்புக்குப் பின்னோக்கிய பதிவு கிடைக்கவில்லை என்றால் அதை அணைத்துவிடுவது நல்லது. நான்காம் பதிப்புக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஆறாம் பதிப்பு வழியாகப் போன மெயில்கள் மட்டும் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

நிறுவுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. டாக்கரை நிறுவி, மெயில்கவ் கோப்புகளை இறக்கி, அமைப்பு உருவாக்கும் கட்டளையை ஓட்டினால் அது சர்வர் பெயரையும் நேர மண்டலத்தையும் கேட்கும். டாக்கர் பெட்டிகள் எழுந்ததும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை அதுவே வாங்கிக்கொள்ளும், அதுவே புதுப்பிக்கும். அதற்கு 80-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். முதல் வேலையாக நிர்வாகியின் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். இரண்டு எச்சரிக்கைகள். யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் போட்டு அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள்; டாக்கர் திறக்கும் போர்ட்கள் அதைத் தாண்டி நேராக வெளியே தெரியும். இன்னொன்று, மெயில்கவ்வுக்குள் அன்பவுண்ட் என்ற சொந்த டிஎன்எஸ் தேடல் இருக்கிறது. வேகமாக இருக்கும் என்று அதைக் கூகுளின் 8.8.8.8-க்குத் திருப்பாதீர்கள். பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹாஸ் பதில் சொல்லாது, 127.255.255.254 என்று ஒரு மறுப்பு எண்ணை அனுப்பும். அந்த எண்ணையும் 'தடைப் பட்டியலில் இருக்கிறது' என்று புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்ட அமைப்பாக இருந்தால், வருகிற மெயில் எல்லாம் திரும்பிப் போகும்.

பழைய மெயிலைக் கொண்டுவருவது

மாற்றும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே இதைத் தொடங்கிவிடலாம். யாருக்கும் தெரியக்கூடத் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) சேவை வழக்கமாக நிறுத்தியே இருக்கும். விண்டோஸ் சேவைகள் பட்டியலில் ஐமேப்4 என்று இரண்டு இருக்கும், ஒன்று முன்பக்கம், மற்றொன்று பின்பக்கம். இரண்டையும் எழுப்ப வேண்டும். ஒன்றை மட்டும் எழுப்பிவிட்டு இணைப்பு ஏன் அறுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

பிறகு மெயில்கவ்வில் ஒவ்வொருவருக்கும் பெட்டி திறந்து, ஒத்திசைவு வேலை என்ற பகுதியில் பழைய சர்வர், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுங்கள். உள்ளே வேலை செய்வது ஐமேப்சிங்க் என்ற கருவி. ஒரே மெயிலை இருமுறை நகலெடுக்காது. எத்தனை முறை ஓடினாலும் புதிதாக வந்ததை மட்டும் சேர்க்கும். இந்தக் குணத்தால்தான் நாம் நிதானமாக வேலை செய்ய முடிகிறது. மணிக்கொரு முறை ஓடும்படி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

அந்தப் படிவத்தில் கவனிக்க வேண்டிய கட்டங்கள் சில. நகலெடுத்தபின் பழைய சர்வரில் அழிக்கச் சொல்லும் கட்டத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். 'பழைய இடத்தில் இல்லாததைப் புதிய இடத்தில் அழி' என்ற பொருளில் இன்னொன்று இருக்கும். அது அதைவிட ஆபத்து. மெயில் புது சர்வருக்கு வரத் தொடங்கிய பின்பும் ஒத்திசைவு ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? புதிதாக வந்த மெயில் பழைய சர்வரில் இருக்காது. ஆகவே அந்தக் கருவி அதைச் சமர்த்தாக அழித்துவிடும். விலக்க வேண்டிய கோப்புறைகள் என்ற இடத்தில் ஸ்பாம், ஜங்க் இரண்டும் முன்பே எழுதப்பட்டிருக்கும். எங்கள் ஊர் அலுவலகங்களில் பையரின் உண்மையான மெயில் ஜங்க்கில் கிடப்பது சாதாரணம், எனவே நான் அந்த விலக்கை எடுத்துவிடுகிறேன். அதற்குப் பதிலாக நாட்காட்டி, தொடர்புகள், பணிகள் கோப்புறைகளை விலக்குகிறேன். ஐமேப் வழியாக அவை வந்தால் அர்த்தமில்லாத மெயில்களாக வந்து குவியும். 'சென்ட் ஐட்டம்ஸ்' என்று அவுட்லுக் சொல்வதும் 'சென்ட்' என்று டவ்காட் சொல்வதும் ஒன்றுதான் என்று தானே பொருத்திக்கொள்ளும் தெரிவை மட்டும் போட்டுவிடுங்கள்.

நாட்காட்டியையும் தொடர்புகளையும் கையால்தான் கொண்டுவர வேண்டும். நாட்காட்டியை அவுட்லுக்கிலிருந்து ஐசிஎஸ் கோப்பாக எடுத்து சோகோவில் ஏற்றலாம். தொடர்புகளுக்கு வழி கொஞ்சம் சுற்று: அவுட்லுக்கிலிருந்து சிஎஸ்வி, அதைத் தண்டர்பேர்ட் என்ற கட்டற்ற மெயில் செயலியில் ஏற்றி, அங்கிருந்து விகார்ட், அப்புறம் சோகோ. முதலாளிக்கும் சீனியர் மெர்ச்சண்டைசருக்கும் மட்டும் இதைச் செய்து கொடுத்தால் போதும் என்பது என் அனுபவம். மற்றவர்கள் தொடர்புகள் பக்கத்தைத் திறந்தே பார்த்ததில்லை.

பிஎஸ்டி கோப்புகளில் கிடக்கும் மெயிலை அவுட்லுக்கிலேயே திறந்து, புது ஐமேப் கணக்குக்குள் கோப்புறை கோப்புறையாக இழுத்து விடலாம். ஆயிரக்கணக்கில் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள், பாதியில் நிற்கும். பெரிய கோப்பு என்றால் லினக்ஸில் ரீட்பிஎஸ்டி என்ற கருவி மெயில்களைப் பிரித்துத் தரும். பிஎஸ்டியில் உள்ள அலுவலகத்துக்குள்ளான பழைய மெயில்களுக்குப் பதில் போட்டால் ஒரு நீண்ட, புரியாத முகவரியோடு திரும்பி வரும். எக்ஸ்சேஞ்ச் தன் ஆட்களை வழக்கமான மெயில் முகவரியால் குறிப்பதில்லை, தனக்குள் வைத்திருக்கும் வேறொரு முகவரியால் குறிக்கிறது. அது அந்த மெயில்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சக ஊழியரின் முகவரியைப் புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்பினால் சரி. இதை முன்பே எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

போகும் மெயில் சேர வேண்டும்

இங்கேதான் அதிகம் பொறுமை வேண்டும். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புநர் விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும், பின்னோக்கிய பதிவு இருக்க வேண்டும், டிஎல்எஸ் வழியாக வர வேண்டும். நீங்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்று பதிவுகளையும் முழுதாக வைத்துவிடுங்கள்.

எஸ்பிஎஃப் என்பது, இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு உரிமை உண்டு என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது. மாற்றக் காலத்தில் பழைய சர்வர், புது சர்வர் இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஆனால் ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான். இரண்டு பதிவு இருந்தால் இரண்டும் செல்லாது. உள்ளே மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் பத்து டிஎன்எஸ் தேடல் என்ற வரம்பும் இருக்கிறது. எப்போதோ நிறுத்திவிட்ட விளம்பர மெயில் நிறுவனத்தின் பெயர் அதில் கிடந்தால் இதுதான் எடுத்துவிட நல்ல நேரம்.

டிகேஐஎம் ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் கையொப்பம். மெயில்கவ் 2048 பிட் சாவியை உருவாக்கித் தரும், அதன் பொதுப் பாதியை டிஎன்எஸ்ஸில் ஒட்ட வேண்டும். அது 255 எழுத்துக்கு மேல் நீளமாக இருப்பதால் சில டொமைன் நிறுவனங்களின் பழைய பக்கங்கள் வாலை வெட்டிவிடும். அப்படியானால் இரண்டு துண்டாகப் பிரித்து மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஒட்டிய பின் மெயில்கவ்வின் டொமைன் பட்டியலில் டிஎன்எஸ் பொத்தானை அழுத்தினால் எது சரி, எது தப்பு என்று அட்டவணை போட்டுக் காட்டும். மூன்றாவது டிமார்க், முதல் இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று வாங்கும் சர்வருக்குச் சொல்லும் பதிவு. முதலில் எதையும் தடுக்காத நிலையில், அறிக்கை மட்டும் வரும்படி வையுங்கள். சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, நம்முடைய எல்லா வழிகளும் தேறிவிட்டன என்று தெரிந்த பின் கடுமையாக்கலாம்.

ஏற்றுமதி செய்பவர்களிடம் இதை விளக்குவது எளிது. கம்பெனியின் பெயரில் பையருக்கு மெயில் போட்டு, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று பணத்தைத் திருப்பிக்கொள்ளும் மோசடி அவர்களுக்குத் தெரியும். உங்கள் டொமைனையே போட்டு வரும் பொய் மெயிலை டிமார்க் தடுக்க உதவும். ஒரு எழுத்தை மாற்றிப் பதிவு செய்த ஒத்த பெயரிலிருந்து வருவதை அது தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வங்கி விவரம் மாறினால் போனில் கேட்டு உறுதி செய்யும் பழக்கத்தை விட வேண்டாம்.

இப்போது புது சர்வரிலிருந்து சோதனை மெயில்களை அனுப்பிப் பாருங்கள்: ஜிமெயில், ஹாட்மெயில், யாஹூ, ஓரிரு நட்பான பையர்கள். புது ஐபிக்கு மைக்ரோசாஃப்ட்தான் மிகவும் கண்டிப்பு. திருப்பி அனுப்பினால் அந்த மெயிலிலேயே நீக்கக் கோரும் படிவத்துக்கு வழி இருக்கும், நிரப்பிவிட்டுக் காத்திருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் போகும் மெயிலுக்கு மட்டும் காசு வாங்கும் ஓர் அஞ்சல் இடைத்தரகரை வைத்துக்கொள்ளுங்கள். மெயில்கவ்வில் அதற்கு இடம் இருக்கிறது. பெட்டிகளும் பழைய மெயிலும் உங்கள் கையிலேயே இருக்கும். கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் சிலர் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். ஷிப்மென்ட் நாளில் பேக்கிங் லிஸ்ட் பையருக்குப் போய்ச் சேர வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

மாற்றும் நாள்

உங்கள் டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் என்ற டிஎன்எஸ் பதிவு. மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் ஆயுளை இரண்டு நாள் முன்பே 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். திருப்பூரில் சனிக்கிழமையும் வேலை நாள். ஐரோப்பாவுக்கு அன்று விடுமுறை. சனிக்கிழமை மாலை எல்லாரும் போன பிறகு எம்எக்ஸ் பதிவைப் புது சர்வருக்கு மாற்றினால், ஞாயிறு முழுக்கச் சரிபார்க்க நேரம் கிடைக்கும். முதலில் உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து ஒன்று அனுப்புங்கள். பிறகு ஓடிபி. ஆர்ஸ்பாம்டியில் சந்தேக மெயிலைச் சற்று நிறுத்தி வைத்து, மறுமுறை வந்தால் வாங்கும் வசதி இருக்கிறது. குப்பைக்கு நல்லதுதான். ஆனால் ஓடிபி மெயிலுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் விழுந்து அதில் மாட்டிக்கொண்டால், மறுபடி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். கணக்குப் பிரிவின் பெட்டிக்கு அந்த வசதியை அணைத்துவிடலாம்.

பலரும் தவறவிடும் ஓர் இடம், வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங். அந்த சர்வரும் தன்னை உங்கள் டொமைனின் மெயில் சர்வர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் மெயில் வழி 'உள்ளூர்' என்று இருந்தால், படிவத்தில் வரும் விசாரணைகள் அதற்குள்ளேயே ஒரு பெட்டியில் விழுந்து கிடக்கும். 'வெளியூர்' என்று மாற்றிவிடுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் இதே நினைப்புதான்: திங்கட்கிழமை யாராவது பழைய அவுட்லுக் கணக்கிலிருந்து சக ஊழியருக்கு மெயில் போட்டால் அது பழைய சர்வருக்குள்ளேயே போய்ச் சேரும். ஒத்திசைவு இன்னும் ஓடுவதால் ஒரு மணி நேரத்தில் புதிய பெட்டிக்கும் வந்துவிடும். அதனால்தான் மாற்றத்துக்குப் பிறகும் ஒரு வாரம் அதை நிறுத்த வேண்டாம் என்கிறேன்.

அவுட்லுக்கும் செல்போனும்

சர்வரை மாற்றும் வாரத்திலேயே எல்லாரையும் தண்டர்பேர்டுக்கு மாற்ற ஆசைப்படாதீர்கள். அவுட்லுக்கோடு பத்து வருடம் வாழ்ந்தவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். பழைய அவுட்லுக் ஐமேப் கணக்கோடு ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் கணினி விண்டோஸ் டொமைனில் சேர்ந்திருந்தால், நீங்கள் டிஎன்எஸ்ஸில் என்ன மாற்றினாலும் அவுட்லுக் முதலில் ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகத்தின் பயனர்கள், கணினிகள் பற்றிய விண்டோஸ் பதிவேடு) கேட்கும். அங்கே எக்ஸ்சேஞ்ச் விட்டுச்சென்ற குறிப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பழைய சர்வருக்கே போய் நிற்கும். கண்ட்ரோல் பேனலில் மெயில் பகுதிக்குப் போய்ப் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கி, தானியங்கி அமைப்பை நம்பாமல் கையால் விவரம் கொடுங்கள்: வருவதற்கு 993, போவதற்கு 587 அல்லது 465.

'புதிய அவுட்லுக்' என்று விண்டோஸ் தள்ளுவதற்கு மாற வேண்டாம். ஐமேப் கணக்கைச் சேர்த்தால் அது உங்கள் மெயில்களை மைக்ரோசாஃப்ட் முகிலோடு ஒத்திசைக்கிறது. செல்போன் அவுட்லுக் செயலியும் அப்படியே. சொந்த சர்வர் வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்ட் அல்லது கே-9 போடுங்கள், பேட்டரி சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். இல்லையென்றால் 'மெயில் லேட்டா வருதுங்க' என்று நாள் முழுக்க போன் வரும். ஐபோனின் சொந்த மெயில் செயலி ஐமேப்பில் உடனடி அறிவிப்பு தராது, அதனால் அங்கே மெயில்கவ்வின் ஆக்டிவ்சிங்க் என்ற ஒத்திசைவு முறை வழியாக எக்ஸ்சேஞ்ச் கணக்கு என்றே சேர்த்துவிடுங்கள். முதலாளியின் போன் பெரும்பாலும் அதுதான், முதலில் அதை முடித்துவிட்டால் மற்றவர்களுக்கு நிதானமாகச் செய்யலாம்.

டெக்பேக் (ஆடையின் வடிவமைப்பு விவரங்கள்) என்று முப்பது, நாற்பது எம்பி படக்கோப்புகளை இணைத்து அனுப்பும் வழக்கத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். மெயில்கவ் 100 எம்பி வரை வாங்கிக்கொள்ளும், எதிர்முனை வாங்காது. மெயிலில் போகும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும் என்பதால் எதிர்முனையின் வரம்பு 25 எம்பி என்றால் உண்மையில் போவது 18 எம்பி அளவுதான். நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் ஒன்றில் போட்டு இணைய முகவரியை அனுப்பச் சொல்லுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

காப்புப் பிரதிக்கு மெயில்கவ்வோடு ஒரு கருவி வருகிறது. தினமும் இரவு அதை ஓட்டி, வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற காப்புப் பிரதிக் கருவி மூலம் மறையாக்கி அனுப்புங்கள். மாதம் ஒருமுறை ஒரு பெட்டியை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள்.

பதிவேடுகளையும் சேமிக்க வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணைப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மெயில்கவ் நிர்வாகப் பக்கம் காட்டும் பதிவுகள் சில ஆயிரம் வரிகளோடு உருண்டுவிடும், அது போதாது. டாக்கரின் பதிவுகளை லினக்ஸின் பதிவுச் சேவையான ஜர்னல்டிக்குத் திருப்பி, அங்கே காலத்தையும் இடத்தையும் ஒதுக்குங்கள். ஒரு மெயில் 'வரவே இல்லை' என்று பையர் சாதிக்கும்போது, அவருடைய சர்வர் எத்தனை மணிக்கு வாங்கிக்கொண்டது என்று எடுத்துக் காட்டவும் இந்தப் பதிவுதான் உதவும்.

புதுப்பித்தலை மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, வெளியீட்டுக் குறிப்பைப் படித்த பிறகு செய்யுங்கள். தானாகவே புதுப்பிக்க விடாதீர்கள்.

பழைய எக்ஸ்சேஞ்சை உடனே அணைக்க வேண்டாம். ஒரு வாரம் ஒத்திசைவு ஓடி, புதிதாக எதுவும் அதில் விழவில்லை என்று உறுதியானதும், அதை எஸ்பிஎஃப் பதிவிலிருந்து எடுங்கள். ரவுட்டரில் அதற்குத் திறந்திருந்த 25, 443 போர்ட்களை மூடுங்கள். அதே கணினியில் ஆக்டிவ் டைரக்டரியும் பொதுக் கோப்புறைகளும் இருந்து, அவை தொடர்ந்து வேண்டும் என்றால், எக்ஸ்சேஞ்சை அதன் நிறுவல் நிரல் வழியாகவே முறைப்படி நீக்குங்கள். சேவைகளை மட்டும் நிறுத்தி வைத்தால் நான் முன்பு சொன்ன அந்தக் குறிப்பு டைரக்டரியில் அப்படியே இருக்கும், ஆறு மாதம் கழித்து வாங்கும் புதுக் கணினியின் அவுட்லுக்கும் அதைத் தேடிப் போகும். நீக்குவதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்து, இரண்டு வெளி வட்டுகளில் போட்டு, ஒன்றை முதலாளியிடமும் ஒன்றை ஆடிட்டரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.